முதுகு கொடுத்தவர்

ஹேமநாத்: சும்மா சொல்லும்மா... அது நீதானே?

அம்சவேணி: நான் இல்லடா.

ஹேமநாத்: அம்மா.

அம்சவேணி: நான் இல்லன்றேன். கண்ணு தெரியலன்னா போய் டாக்டராண்ட காட்டு.

ஹேமநாத்: மாம்பழக் கலர் சேல, பச்ச பார்டர். தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது.

அம்சவேணி: அந்தக் கடைக்காரன் உனக்கு மட்டும்தான் வித்தானா? திருப்பதியில எத்தினி பேரு கட்டிகினு திரியறாளோ.

ஹேமநாத்: யூரியா கோணியில தெச்ச பையும் எல்லாரும் தூக்கிகினு திரியறாங்களா? கைப்பிடிக்கு செவப்பு நாடா வெச்சு நைனா தெச்சது. உன் கால்மாட்டுல இருக்குது. வீடியோல பளிச்சுனு தெரியுது.

அம்சவேணி: ...

ஹேமநாத்: ஹலோ? அம்மா?

அம்சவேணி: இருக்கறேன் இருக்கறேன். மாட்டுக்குத் தண்ணி வெச்சிகினு இருக்கேன். உனக்கு யாரு அனுப்பினா அத?

ஹேமநாத்: கங்கையா சித்தப்பா. சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டாரு. கீழ வரிசையா சிரிக்கிற பொம்ம.

அம்சவேணி: ஓ... அதனாலதான் நேத்து சாயங்காலம் வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாரா.

ஹேமநாத்: வூட்டுக்கே வந்துட்டாரா? இன்னா சொன்னாரு?

அம்சவேணி: அண்ணன் போய் சேந்துட்டான், அண்ணி நடுரோட்டுல வெளிநாட்டுக்காரன் மேல சாஞ்சிகினு கெடக்குறான்னு. தெருவே கேட்டுது.

ஹேமநாத்: நீ இன்னா சொன்னே?

அம்சவேணி: மேல இல்ல, முதுகுலன்னு சொன்னேன்.

ஹேமநாத்: அம்மா!

அம்சவேணி: ஒத்துக்குனா மாதிரி ஆயிடுச்சு இல்ல? செரி, நான்தான். போதுமா? இப்ப துன்னியா, துன்னலியா, அத சொல்லு.

ஹேமநாத்: பேச்ச மாத்தாதே. இது வெளையாட்டு இல்லம்மா. தன் பொண்ணு பத்மாவதி கல்யாணத்துக்கு நீ வரக்கூடாதுன்னு சொல்றாராம் சித்தப்பா. மாப்ள வூட்டுக்காரங்களும் பாத்துட்டாங்களாம்.

அம்சவேணி: என்னாண்டயும் அதான் சொன்னாரு.

ஹேமநாத்: நீ தூக்கி வளத்த பொண்ணு அது...

அம்சவேணி: ம்.

ஹேமநாத்: அதுக்குத்தான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். வீடியோல உன் மொகம் பாதிதான் தெரியுது. கண்ணு மூடியிருக்குது. அது எங்க அம்மா இல்ல, வேற யாரோன்னு நான் குரூப்புல போட்டுடறேன். நீயும் கேக்கறவங்களாண்ட இல்லன்னே சொல்லு. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.

அம்சவேணி: அது முடியாதுடா.

ஹேமநாத்: இப்ப என்னாண்ட மட்டும் இல்லன்னு சொன்னே?

அம்சவேணி: அது உன்னைக் கிண்டல் பண்ணேன். ஊரு பூரா போய் நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லிகினு இருந்தா... அப்பறம் எனக்கே அப்படி ஆயிடும். நடக்கவே இல்லன்னு.

ஹேமநாத்: நடக்காமயே இருந்திருந்தா நல்லாத்தானே இருந்திருக்கும்?

அம்சவேணி: ... ஏ, நந்தினி! கால எடு, தொட்டியில வெக்காதே! இந்தக் கன்னுக்குட்டி ஒண்ணு... ம், இன்னா கேட்டே?

ஹேமநாத்: ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழமை நீ ஏன் திருப்பதிக்கு வந்தே? நாங்க ரூபா சொந்தக்காரங்க வூட்டு விசேஷத்துக்கு விஜயவாடா போறோம்னு சொன்னேனே.

அம்சவேணி: சொன்னே.

ஹேமநாத்: அப்பறம்?

அம்சவேணி: உன்னைப் பாக்க வந்தேன்னு யாருடா சொன்னா? வேர்க்கடலை விக்க வந்தேன்.

ஹேமநாத்: ஒரு பை கடலைய விக்க பிச்சாட்டூர்ல இருந்து பஸ் ஏறியா?

அம்சவேணி: அங்க நல்ல வெல.

ஹேமநாத்: வித்துதா?

அம்சவேணி: இல்ல. திரும்ப எடுத்தாந்துட்டேன். ... ரூபா எங்க? மருமகளாண்ட போன குடு. பேசி எத்தினி நாளாச்சு.

ஹேமநாத்: அவ... கடைக்குப் போயிருக்கா. கொழந்தைய இஸ்துகினு.

அம்சவேணி: யாமினியும் போயிடுச்சா. செரி செரி.

ஹேமநாத்: நீ மொதல்ல சொல்லு. கடலை விக்கப் போனவ அந்த ஆட்டத்துக்கு நடுவுல எப்படிப் போய் உக்காந்தே?

அம்சவேணி: அது ஆட்டமாடா? நீ ஒரு பேரு சொல்லுவியே, காலேஜ்ல படிக்கறப்போ...

ஹேமநாத்: கன்டெம்பரரி டான்ஸ். ஏழெட்டு நாட்டுல இருந்து வந்திருக்காங்க. ஞாயித்துக்கெழமை காலையில அலிபிரி போற ரோட்டுல வண்டி விடாம மூடிட்டு, அங்க ஆடறாங்க.

அம்சவேணி: உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குதே.

ஹேமநாத்: போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. நம்ம வூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிதானே.

அம்சவேணி: ரெண்டு தெருவா... எனக்கு இன்னா தெரியும். நான் பாட்டுக்கு நடந்துகினே இருந்தேன். ஒரு எடத்துல கும்பல். ஆக்சிடென்டோன்னு எட்டிப் பாத்தேன். ஒரு மொட்டத்தல பொம்பள ரோட்டு நடுவுல நடந்துகினு வருது. மலைக்குப் போய் முடி குடுத்துட்டு வந்தவங்கன்னு நெனச்சேன். மயக்கம் போலருக்குது, யாராச்சும் சோடா வாங்கி குடுங்கப்பான்னேன்.

ஹேமநாத்: அய்யோ, அம்மா...

அம்சவேணி: சிரிக்காதடா! என் பக்கத்துல இருந்த காலேஜ் பசங்களும் இப்படித்தான் சிரிச்சானுங்க. ‘அவங்க ஜப்பான், ஆன்ட்டி. டான்ஸ் ஆடறாங்க’ன்றான் ஒருத்தன். எங்கடா ஆடறாங்க? ஒரு கால எடுத்து வெக்கறதுக்குள்ள நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடுவேன். அவ்ளோ மெதுவா. ஒரு நாய் கூட வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு.

ஹேமநாத்: பாட்டெல்லாம் இல்லையா?

அம்சவேணி: ஒருத்தி பித்தளத் தட்டு மாதிரி ஒண்ண வெச்சிகினு எப்பவாச்சும் ஒரு தட்டு தட்டறா. அவ்ளோதான். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு. போயிடலாம்னு பாத்தேன். அப்பறம் அந்த மொட்டத்தலம்மா கீழ விழுதுடா... விழுறது இல்ல. எப்படி சொல்றது... நட்ட நடுரோட்டுல, ஆளே இல்லாத வூட்டுல ஒருத்தி தனியா உக்கார்ற மாதிரி. சுத்தி அத்தினி பேரு நின்னுகினு இருக்கறோம், அதுக்கு நாங்க யாரும் இல்ல. போயிடலாம்னு இருந்தவ அங்கயே நின்னுட்டேன்.

ஹேமநாத்: ஏன்?

அம்சவேணி: ஏன்னா... நானும் அப்படித்தான் உக்கார்றேன். வெளக்கு வெச்சப்பறம்.

ஹேமநாத்: செரி... மேல சொல்லு.

அம்சவேணி: அப்பறம்தான் அவரு வந்தாரு. நல்லா ஆஜானுபாகுவா, தல நரச்சு, வெறுங்காலு. இந்தோனேசியாவாம். வந்தாரு, ரோட்டுல சப்பளம் போட்டு உக்காந்தாரு. முதுக எங்க பக்கம் திருப்பிகினு. மைக் வெச்சிருந்த பொண்ணு மொதல்ல தெலுங்குல, ‘எவரைனா ரண்டி, கூர்ச்சோண்டி, ஆனுகோண்டி’ன்னுச்சு. அப்பறம் தமிழ்லயும் சொல்லுச்சு. யார் வேணும்னாலும் வந்து உக்காந்து சாஞ்சிக்கலாம். பேச வேணாம். எப்ப எழுந்துக்கணும்னு தோணுதோ அப்ப எழுந்துக்கலாம்.

ஹேமநாத்: உடனே நீ போயிட்டே.

அம்சவேணி: நான் எங்கடா போனேன்! ரெண்டு பசங்க போனானுங்க. சாயறேன்னு சும்மா உக்காந்து செல்பி எடுத்துகினு எழுந்து ஓடிட்டானுங்க. அப்பறம் யாரும் போவல. ஒருத்தர ஒருத்தர் தள்ளி விட்டுகினு சிரிச்சிகினு... அவரு பாட்டுக்கு உக்காந்துகினே இருக்காரு. காலி முதுகு. கல்யாணத்துல எல போட்டு, தண்ணி தெளிச்சு, பந்தியில ஒருத்தரும் வந்து உக்காரலன்னா அந்தக் கல்யாண வூட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அவரப் பாக்க அப்படி இருந்துச்சு.

ஹேமநாத்: பாவம்னு போனியா?

அம்சவேணி: அப்படித்தான் நெனச்சிகினு போனேன். பைய வெச்சேன். செருப்பக் கழட்டினேன்...

பொன்னியம்மா: அம்சா! யாராண்ட பேசினு இருக்கறே? உள்ள வரலாமா?

அம்சவேணி: இருடா, பக்கத்து வூட்டு பொன்னியம்மா வந்திருக்கா. வாக்கா. ஹேமநாத்துதான்.

பொன்னியம்மா: நம்ம ஹேமநாத்தா? எப்பா, உங்க அம்மா பெரிய சினிமா ஸ்டார் ஆயிட்டா, தெரியுமில்ல? என் பேரன் செல்லுல மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன்.

ஹேமநாத்: அம்மா, ஸ்பீக்கர்லயா இருக்கு?

அம்சவேணி: எனக்கு அது எங்க அமுக்கறதுன்னே தெரியாதுடா. எப்பவும் இப்படித்தான் கத்துது. நீ வேற ஏன்கா, மோருக்கு வந்தா வாங்கினு போவியா...

பொன்னியம்மா: மோரு கெடக்குது. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அங்க சாஞ்சப்போ... எப்படிடி இருந்துச்சு?

அம்சவேணி: புள்ள லைன்ல இருக்கான்கா.

பொன்னியம்மா: இருந்தா இன்னா, நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்? சும்மா சொல்லு.

அம்சவேணி: ... மொதல்ல பயம். பட்டும் படாம உக்காந்தேன். அவரு மூச்சு விடறது முதுகுல தெரிஞ்சுது. அப்பறம் என் மூச்சும் அதும்கூடவே போவுது. அப்படியே மெதுவா அவரு முன்னால குனியறாரு. நான் பின்னால சாயறேன். சாஞ்சிகினே போறேன். எங்க விழுந்துடுவேனோன்னு உடம்ப இறுக்கிகினு இருந்தேன். விழலக்கா. என்னை மொத்தமா வாங்கிகினாரு. தல பின்னால போயிடுச்சு. வானம் தெரிஞ்சுது. மல தலகீழா தெரிஞ்சுது. அப்படி ஒரு பக்கமா ஆட்டறாரு, இப்படி ஒரு பக்கமா ஆட்டறாரு. நானும் ஆடறேன்.

பொன்னியம்மா: ம்...

அம்சவேணி: அப்பத்தான் கண்ண மூடிகினேன். அழுக வந்துடுச்சு.

பொன்னியம்மா: அவங்க மறுபடியும் வருவாங்களா?

அம்சவேணி: யாருக்குத் தெரியும். ஏன்?

பொன்னியம்மா: வந்தா என்னையும் இஸ்துகினு போ. சொல்லாம போயிடாதே.

அம்சவேணி: உனக்கு இன்னாக்கா கொற? மாமா இருக்காரு...

பொன்னியம்மா: இருக்காரு. கட்டில்ல அந்தாண்டப் பக்கம் திரும்பிப் படுத்துகினு இருக்காரு. முப்பது வருஷமா. ... மோரு குடு, நான் வரேன். எப்பா ஹேமநாத்து, அம்மாவ திட்டாதே. உங்க சித்தப்பன் கத்தினா கத்தட்டும். நாங்கள்லாம் இருக்கறோம்.

ஹேமநாத்: செரி அத்த.

அம்சவேணி: ... போயிட்டா. கேட்டியா?

ஹேமநாத்: கேட்டுது.

அம்சவேணி: கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது? சளி புடிச்சிகிச்சா?

ஹேமநாத்: இல்ல... அந்த அத்த சொன்னது. கட்டில்ல அந்தாண்டப் பக்கம் திரும்பி...

அம்சவேணி: அவ எப்பவும் இப்படித்தான். வெடிச்சு சிரிச்சிகினே இருப்பா, நடுவுல ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுவா.

ஹேமநாத்: அம்மா, நீ ஏன் அழுதே?

அம்சவேணி: தெரியலடா.

ஹேமநாத்: தெரியாம யாரு அப்படி அழுவாங்க?

அம்சவேணி: செரி, நீ சொல்லு. உங்க நைனா போனதுல இருந்து என்னை யாரு தொட்டா?

ஹேமநாத்: இன்னாம்மா கேள்வி இது...

அம்சவேணி: நெசமாத்தான் கேக்கறேன். கண்டக்டர் சில்லற குடுக்கறப்போ மேல இருந்து கையில போடறான். ஆஸ்பத்திரில நர்ஸம்மா வெரல புடிக்கும், சுகர் பாக்க. ரேஷன் கடையில வெரல புடிச்சு மிஷின்ல அழுத்துவான். அவ்ளோதான். வெரலத் தாண்டி யாரும் வரல.

ஹேமநாத்: நான் வந்தா...

அம்சவேணி: நீ பொங்கலுக்கு வருவே, கால்ல விழுவே. அதுவும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசர அவசரமா.

ஹேமநாத்: யாமினி வந்தா உன் மடியவிட்டு எறங்கவே மாட்டா...

அம்சவேணி: வந்தா. உன்னைக் குத்தம் சொல்லலடா. எல்லாருக்கும் வேலவெட்டி இருக்குது. எனக்கே அன்னிக்கு வரைக்கும் தெரியாது, எனக்கு இப்படி ஒரு பசி இருக்குதுன்னு. உடம்பு பூரா காஞ்சு கெடக்குதுன்னு. அந்த மனுஷனுக்கு என் பேரு தெரியாது, பாஷ தெரியாது. நான் நல்லவளா கெட்டவளா, ஒண்ணும் தெரியாது. தாங்கினாரு. அவ்ளோதான். அதப் போய் இல்லன்னு சொல்லச் சொல்றியே.

ஹேமநாத்: சொல்ல வேணாம்.

அம்சவேணி: ஆங்?

ஹேமநாத்: இல்லன்னு சொல்ல வேணாம்னேன்.

அம்சவேணி: ... ஒண்ணு கேக்கணும். என் போனுல அதெல்லாம் வராது. நான் இன்னும் அந்த வீடியோவப் பாக்கல. பொன்னியம்மாவக் கேக்க வெக்கமா இருக்குது. அதுல நான் எப்படிடா இருக்கேன்?

ஹேமநாத்: நல்லா இருக்கே.

அம்சவேணி: அழுதுகினு, மூக்கு ஒழுவிகினு, நல்லா இருக்கேனா?

ஹேமநாத்: நெசம்மா. தூங்கற மாதிரி இருக்கே. நெத்தியில சுருக்கமே இல்ல. எனக்கு உடனே அடையாளம் தெரியல... சின்னப் பொண்ணு மாதிரி இருந்தே. அந்த மைக் பொண்ணு துண்டு எடுத்தாந்து குடுக்குதே, அப்ப கூட நீ கண்ணு தொறக்காம கைய மட்டும் நீட்டினே. அப்பறம் எதிர்க்க கொழாயாண்ட போய் மொகம் கழுவிட்டு, பைய அந்தக் கொழாயடியிலயே மறந்துட்டுப் போய், திரும்ப ஓடியாந்து எடுத்தே பாரு...

அம்சவேணி: ...

ஹேமநாத்: அம்மா? ஹலோ?

அம்சவேணி: வீடியோ எதுவரைக்கும்டா இருக்குது?

ஹேமநாத்: ஏன்?

அம்சவேணி: நான்தான் அதப் பாக்கல. உங்க சித்தப்பா வாசல்ல நின்னு பூரா கத சொன்னாரு. சாஞ்சே, ஆடினே, அழுதே. அதோட முடிஞ்சுதுன்னாரு. துண்டு குடுத்தத அவரு சொல்லல. கொழாயச் சொல்லல. பைய மறந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். விஜயவாடால இருந்து இதெல்லாம் தெரியுமாடா?

ஹேமநாத்: நான் விஜயவாடா போவலம்மா.

அம்சவேணி: ம்.

ஹேமநாத்: அங்கதான் இருந்தேன். அந்தக் கும்பல்ல. எதிர்ப் பக்கம்.

அம்சவேணி: பாத்துகினு இருந்தியா.

ஹேமநாத்: நீ பைய கீழ வெச்சு செருப்பக் கழட்டறப்போதான் பாத்தேன். கூப்பிடலாம்னு வாயத் தொறந்துட்டேன். கூப்பிட்டா நீ திரும்புவே. ரூபா எங்கம்பே, கொழந்த எங்கம்பே. நான் இன்னா சொல்லுவேன்? ஒரு கரும்பு ஜூஸ் வண்டி இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி போய் நின்னுகினேன்.

அம்சவேணி: பெத்தவ அழுவறத ஜூஸ் வண்டி பின்னாடி நின்னு பாத்தியா.

ஹேமநாத்: ஆமாம்மா.

அம்சவேணி: செரி. அழாதே.

ஹேமநாத்: ரூபா கடைக்குப் போவலம்மா. அவ...

அம்சவேணி: தெரியும்.

ஹேமநாத்: இன்னா தெரியும்?

அம்சவேணி: அவ உகாதிக்கு முன்னாடியே கொழந்தையோட சித்தூருக்கு, அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டான்னு தெரியும்.

ஹேமநாத்: யாரு... யாரு சொன்னா உனக்கு?

அம்சவேணி: உன் கீழ் வூட்டு மணியம்மா. நான் ஞாயித்துக்கெழமை நேரா உன் வூட்டுக்குத்தான்டா வந்தேன். நீங்க ஊருல இல்லன்னாலும் கடலைய அந்த மணியம்மாவாண்ட குடுத்துட்டுப் போவலாம்னு. யாமினிக்கு வறுத்தது. அந்தம்மா சொல்லுது, இன்னாம்மா ஒண்ணும் தெரியாதா உங்களுக்கு, உங்க புள்ள மட்டும்தான் இருக்கான், இப்பத்தான் டீ குடிக்கப் போனான், உக்காருங்க வந்துடுவான்னு.

ஹேமநாத்: அப்ப ஏன் உக்காரல?

அம்சவேணி: நீ வந்து என்னைப் பாத்தா உன் மொகம் எப்படி ஆவும்? இத்தினி மாசமா பாத்துப் பாத்துப் பொய் சொல்லிகினு இருந்தியே. ரூபா குளிக்கறா, ரூபா தூங்கறா, ரூபா கடைக்குப் போயிருக்கா... அம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான்னுதானே. அத ஏன் ஒரே நிமிஷத்துல கலைக்கணும்? மணியம்மாவாண்ட நான் வந்தத சொல்லாதேன்னு கையப் புடிச்சு கேட்டுகினு வந்துட்டேன். அப்பறம் எங்க போறதுன்னு தெரியல. நடந்துகினே இருந்தேன்.

ஹேமநாத்: எல்லாம் தெரிஞ்சிகினேதான் இப்ப கூட ரூபாகிட்ட போன குடுன்னு கேட்டியா?

அம்சவேணி: கேக்காம இருந்தா நீ சந்தேகப்படுவே.

ஹேமநாத்: அம்மா...

அம்சவேணி: சண்டையாடா?

ஹேமநாத்: சண்ட போட்டிருந்தா கூட பரவால்லம்மா. ஒண்ணுமே இல்ல. கம்பெனியில ஷிப்ட் மாத்தி மாத்தி போடறான். நான் வர்றப்போ அவ தூங்கறா, அவ எழுந்துக்கறப்போ நான் தூங்கறேன். தூங்காத அன்னிக்கும் போன நோண்டிகினு படுத்திருப்பேன். ஒரு நாள் சொன்னா, இந்த வூட்டுல என் பக்கத்துல யாரும் இல்லைங்கன்னு. நான்தான் இருக்கேனேன்னேன். சிரிச்சா. மறுநாள் துணிய எடுத்து வெக்க ஆரம்பிச்சுட்டா. அந்த அத்த இப்ப சொன்னாங்களே... நானும் அந்தாண்டப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தேன்.

அம்சவேணி: போய்க் கூப்பிட்டியா?

ஹேமநாத்: ரெண்டு வாட்டி சித்தூர் பஸ்டாண்டு வரைக்கும் போனேன். அங்கயே டீ குடிச்சிட்டு வந்துட்டேன். போய் இன்னான்னு சொல்றது?

அம்சவேணி: ஒண்ணும் சொல்ல வேணாம். போய் பக்கத்துல உக்காரு. வரேன்னா வரட்டும், வரலன்னா அவ இஷ்டம். பேசறதெல்லாம் அப்பறம்.

ஹேமநாத்: அவ மூஞ்சியில கதவ சாத்தினா?

அம்சவேணி: சாத்தட்டும். யாமினியப் பாத்துட்டாவது வா. அது நைனான்னு உன்ன இன்னும் கூப்பிடுதா, மறந்துடுச்சா?

ஹேமநாத்: கூப்பிடுது. போனுல. ... குரூப்புல எழுதப் போறேம்மா.

அம்சவேணி: இன்னான்னு? நான் இல்லன்னா?

ஹேமநாத்: அது எங்க அம்மாதான்னு. வேற ஒண்ணும் இல்ல. அது மட்டும்.

அம்சவேணி: உங்க சித்தப்பா திரும்ப வந்து வாசல்ல நிப்பாரு.

ஹேமநாத்: நிக்கட்டும். நானும் வரேன் சனிக்கெழமை. அப்ப வந்து கத்தச் சொல்லு.

அம்சவேணி: பத்மாவதி கல்யாணம் போச்சு, போ.

ஹேமநாத்: போவட்டும்மா.

அம்சவேணி: உனக்கு சுலுவா இருக்குது சொல்ல. அவளுக்குப் பூ வெச்சு பாக்கணும்னு எனக்கு எத்தினி ஆச தெரியுமா... செரி, விடு. இருட்டிகிச்சு, வெளக்கு வெக்கணும். நீ ராத்திரிக்கு இன்னா துன்னுவே?

ஹேமநாத்: வெளியில பாத்துக்கறேன்.

அம்சவேணி: தெனமும் வெளியிலதானா. அதான் அப்படி எளச்சுப் போயிருப்பே. அன்னிக்குக் கிட்ட வந்திருந்தா ஒரு பிடி கடலையாச்சும் குடுத்திருப்பேன்.

ஹேமநாத்: வந்திருக்கணும்.

அம்சவேணி: நான் எழுந்து கொழாயாண்ட போனேனே, அப்பவாச்சும் வந்திருக்கலாம் இல்ல? ஒரு ரோட்டத் தாண்டி வரணும், அவ்ளோதான். அங்கயே அந்த வண்டி பின்னாடியே நின்னுகினு இருந்தியா?

ஹேமநாத்: இல்ல.

அம்சவேணி: அப்பறம் எங்க போனே?

ஹேமநாத்: சிரிக்க மாட்டியே?

அம்சவேணி: சொல்லுடா.

ஹேமநாத்: நீ எழுந்து போனதும் அந்த எடம் காலியா இருந்துச்சு. வேற யாராச்சும் வந்து உக்காந்துடுவாங்களோன்னு ஓடிப் போய் உக்காந்துட்டேம்மா. எதிர்க்க நீ குனிஞ்சு மொகம் கழுவிகினு இருந்தே, உன் முதுகப் பாத்துகினே அவரு மேல சாஞ்சேன்... அவரு சட்ட வேர்வையில நனஞ்சு, முதுகு கதகதன்னு இருந்துச்சு. அந்தச் சூடு அவருது மட்டும் இல்லம்மா.